ஆறாம் எண் பதிவு

என் அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவருடைய தேர்வு முடிவுத் தாளில் வேறு மாதிரி இருக்கிறது. அவர் இறந்த அன்று துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், பாவம், கடைசியில் காது போய்விட்டது என்று சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

அவர் பெயர் நும்பி அன்செல்ம். லுபும்பாஷியிலிருந்து முப்பத்தொரு வருடம் விமானம் ஓட்டினார். முதல் பாதி சிறிய விமானங்கள். உப்பு மூட்டை, தடுப்பூசிப் பெட்டி, கன்னியாஸ்திரீகள், ஒருமுறை ஒரு பிஷப்பும் எட்டு ஆடுகளும். இரண்டாம் பாதி இரட்டை இன்ஜின் சரக்கு விமானம். எங்கள் வீடு விமானங்கள் இறங்கும் வழியில் இருக்கிறது. சாப்பிடும்போது தலைக்கு மேல் ஒன்று போனால், புக்காரிக் களியை உருட்டிய விரல்கள் அப்படியே நிற்கும். "வலது இன்ஜின் இருமுது," என்பார். நான் அதே விமான நிலையத்தில் வானொலிக் கருவிகளைப் பழுதுபார்ப்பவள். மறுநாள் மெக்கானிக்குகளிடம் கேட்பேன். வலது இன்ஜினைத்தான் பிரித்துப் போட்டிருப்பார்கள். அவர் தவறாகச் சொல்லி எனக்கு நினைவிருப்பது ஒரே ஒருமுறை. அன்று தகரக் கூரையில் மழை.

சட்டையைத் தானேதான் இஸ்திரி போடுவார். அம்மா காலரைக் கெடுத்துவிடுவாள் என்பது அவருடைய புகார். தேவாலயத்தில் கதவுக்குப் பக்கத்தில் உட்காருவார். வெளியே பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம் தெரியும். எங்கே போனாலும் முதலில் காற்றைப் பார்ப்பார்: கொடி, கொடியில் காயும் துணி, அடுப்புப் புகை. யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதே பார்ப்பார். தெரியாதவர்கள் திமிர் என்று நினைத்தார்கள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு ஆறு வயதாக இருந்தபோது நடந்தது. மோபா பக்கம் ஒரு மிஷன் ஓடுதளம். காற்று ஏரிப் பக்கமிருந்து வீசுகிறது என்று காவல்காரர் வானொலியில் சொன்னார். அப்பாவுக்கு முன்னால் போன விமானி அதை நம்பி இறங்கினார். காற்று அவருடைய முதுகுப் பக்கம் இருந்தது. விமானம் நிற்கவில்லை. ஓடுதளத்தின் முனையில் ஆள் உயரக் கறையான் புற்று. அப்பா மேலே வட்டமடித்தபடி அதைப் பார்த்தார். பிறகு கரிச்சூளைப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, எதிர்முனையிலிருந்து இறங்கி, உடலை ஏற்றிக்கொண்டு வந்தார். காவல்காரர் பொய் சொல்லவில்லை. காலையில் பார்த்த காற்றை மதியம் வரை சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். ஓடுபாதையின் எண் என்பது அதன் திசை, டிகிரியில் கடைசிச் சுழியத்தை விட்டுவிட்டு. காற்று அறுபது டிகிரியிலிருந்து வந்தால் இறங்க வேண்டிய பாதை சுழியம் ஆறு. அதே பாதையை மறுமுனையிலிருந்து பார்த்தால் இரண்டு நான்கு. காற்று தெரிந்தால் பாதை தெரிந்துவிடும். அந்த நாளுக்குப் பிறகு அப்பா காற்றை மட்டும் கேட்பார். பாதையை அவரே முடிவுசெய்வார்.

நாட்டுக்குள் பறக்க பிரெஞ்சு போதும். தெற்கே எல்லையைத் தாண்டினால் ஆங்கிலம். என்டோலாவிலும் லுசாக்காவிலும் கோபுரத்தில் இருப்பவர்களோடு அவர் பதினைந்து வருடம் பேசியிருக்கிறார். ஒரு முப்பது வாக்கியங்கள் வைத்திருந்தார். அவை தேய்ந்து பளபளப்பாக இருந்தன. யாரும் குறை சொன்னதில்லை.

நான் படித்தது என்டோலாவில். ஆங்கிலம் அங்கே வந்தது. அப்பா தேர்வு எழுதிய வருடம் மார்ச் மாதம் அங்குள்ள ஒரு தேர்வு நிலையம் என்னைக் கூப்பிட்டது. விமானிகளுக்கு ஆங்கிலத் தேர்வு நடத்துகிறவர்கள். பெயர் வேண்டாம். பெரிய விமான நிலையங்களில் ஒரு பதிவுக் குரல் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும்: நேரம், காற்று, பார்வைத் தூரம், மேகம், வெப்பம், காற்றழுத்தம், இறங்கும் பாதை, பாதையருகே பறவைகள் உண்டா. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எழுத்து. விமானி அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, இன்ன எழுத்துப் பதிவு கிடைத்தது என்று கோபுரத்துக்குச் சொல்ல வேண்டும். தேர்வில் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதிக்கு இப்படி எட்டுப் பதிவுகள் வைத்திருந்தார்கள். பழையவை ஏதோ குளிர்தேசத்துக் குரல். நம் பக்கத்துக் குரல் வேண்டும் என்றார்கள். நான் போய் வாசித்தேன்.

பொறுப்பாளர் சிகாஸ்வே என்று ஒருவர். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். மரியாதையான மனிதர். விமானத்தில் பயணியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆறாவது தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிறுத்தினேன்.

"சார், இதுல காத்தும் பாதையும் ஒத்துவரல. காத்து அறுபதுலேருந்து பதினாலு நாட் வேகம். பாதை ரெண்டு நாலுன்னு இருக்கு. முதுகுல காத்த வாங்கிட்டு யாரும் எறங்க மாட்டாங்க."

"இது மொழிப் பரீட்சைம்மா. பறக்கற பரீட்சை இல்ல. காதுல விழுந்தத எழுதறாங்களான்னுதான் பாக்கறோம்."

"பைலட்டுங்க குழம்புவாங்க சார்."

"குழம்பாதவங்களுக்குத்தான் பாஸ் மார்க் நாலு," என்றார் அவர், சிரித்தபடி.

நான் வாசித்தேன். ஒரே தடவையில் சரியாக வந்தது. பிறகு என் குரலின் மேல் வானொலி இரைச்சலை ஏற்றிக் காட்டினார்கள். எனக்கே அடையாளம் தெரியவில்லை. என்ன வாசித்தேன் என்பதையும், வாசித்தது நான் என்பதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் உதிரிபாகம் வாங்கப் போனதாகச் சொன்னேன். அந்தக் கையெழுத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

மே மாதம் அப்பாவின் நிறுவனம் அறிவிப்பு ஒட்டியது. எல்லை தாண்டும் விமானிகள் எல்லோரும் வருட முடிவுக்குள் ஆங்கிலத்தில் நான்காம் நிலை காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இருக்கை வேறொருவருக்கு. அவர்களுடைய எல்லா ஓட்டமும் எல்லை தாண்டியதுதான். அப்பாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. வேறு யார் எடுப்பார்கள்? தேர்வில் ஆறு பகுதிகள். உச்சரிப்பு, இலக்கணம் என்று வரும். ஆறில் எது மிகக் குறைவோ அதுதான் மொத்த மதிப்பெண். ஐந்தில் ஐந்து வாங்கி ஒன்றில் மூன்று வாங்கினால் மூன்று. மூன்று என்றால் தரை.

"எனக்கு ஆங்கிலம் தெரியுமான்னு என்டோலா கோபுரத்த கேக்கச் சொல்லு," என்று இரண்டு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் சாயங்காலம் சமையலறை மேசையில் பென்சிலோடு வந்து உட்கார்ந்தார். "பாட்டு போடு."

பதிவுகளை அவர் பாட்டு என்றுதான் சொல்வார். நைரோபி, லுசாக்கா, ஜோஹன்னஸ்பர்க் என்று உண்மையான விமான நிலையங்களின் பதிவுகளை நான் சேர்த்து வைத்திருந்தேன். வேலை முடிந்து ஐந்து மணிக்கு உட்காருவோம். அம்மா பக்கத்தில் சோம்பேக்கு மரவள்ளி இலையை இடித்துக்கொண்டிருப்பாள். அவள் பெயர் கொடலீவ். சந்தையில் துணி விற்கிறவள், வாய்க்குப் பஞ்சம் கிடையாது.

"எவனோ போன்ல பேசறத கேக்க ரெண்டு பேருக்கும் காது இருக்கு. நான் தண்ணி புடிச்சு வைங்கன்னா மட்டும் வீடே செவிடு."

அப்பா பென்சிலைத் தூக்கிக் காட்டுவார், பேசாதே என்று. அவள் இன்னும் பலமாக இடிப்பாள். "நல்லது," என்பார் அப்பா. "காக்பிட்ல இன்னும் சத்தம் ஜாஸ்தி."

மேகத்தில் கோட்டைவிடுவார். வெப்பநிலையில் சில சமயம் தடுமாறுவார். பாதை எண்ணில் மட்டும் ஒருமுறைகூடத் தவறியதில்லை. மூன்றாவது வாரம்தான் ஏன் என்று எனக்குப் புரிந்தது. காற்றைச் சொன்னதும் ஒரு சின்ன அம்புக்குறி போடுவார். அதைப் பார்ப்பார். பாதையை எழுதுவார். குரல் அப்போது வெப்பநிலையில்கூட இருக்காது. ஒரு நாள் காற்றைச் சொன்னதுமே பதிவை நிறுத்தினேன். அவர் பென்சில் நிற்கவில்லை.

"அப்பா, அவ இன்னும் பாதைய சொல்லவே இல்ல."

"சொல்லட்டும். இதத்தான் சொல்லப்போறா."

போட்டேன். அதைத்தான் சொன்னாள்.

அன்றே அந்தப் பழக்கத்தை உடைத்திருக்க வேண்டும். எனக்கு ஆறாம் எண் பதிவு தெரியும். உண்மையான பதிவுகளில் காற்றும் பாதையும் எப்போதும் ஒத்துப்போகும், அதனால் அவருடைய வழி எப்போதும் சரியாக வந்தது, மிச்சமான நேரத்தில் மேகத்தைக் கவனித்தார். மதிப்பெண் ஏறியது. நான் விட்டுவிட்டேன். தேர்வு நிலையத்தில் யாராவது அந்தத் தாளைத் திருத்தியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தேர்வு ஆகஸ்டில். அதற்கு முந்தைய நாள் மதியம் மின்சாரம் இல்லை. அப்பா கரிப்பெட்டியால் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் உட்கார்ந்து அவருடைய அடையாள அட்டை, எல்லை கடக்கும் சீட்டு எல்லாம் சரிபார்த்தேன்.

"செராஃபின்," என்றார், தலையைத் தூக்காமல். "ஒருவேள காத்தும் பாதையும் சண்ட போட்டுக்கிச்சுன்னா எத எழுதறது?"

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. நான் வாசித்த தாளை அவர் பார்த்ததில்லை. விமானி என்பதால் கேட்டார். காதில் விழுந்ததை எழுதுங்கள் என்று சொன்னால் போதும். எந்தக் கையெழுத்தையும் மீறியதாகாது. எந்த ஆசிரியரும் சொல்லக்கூடிய வாக்கியம். ஆனால் எனக்கு அந்தப் பதில் தெரிந்ததாலேயே அது திருட்டு மாதிரி இருந்தது. முகத்தில் ஏதாவது தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

"பரீட்சைல அப்படி வராதுப்பா," என்றேன்.

"சரி," என்று காலரைத் திருப்பிப் போட்டார்.

மறுநாள் கசும்பலேசா எல்லை வழியாகப் போனார். அதற்கடுத்த நாள் சாயங்காலம் திரும்பினார். சட்டை கசங்கியிருக்கவில்லை. தண்ணீர் கேட்டார். அம்மா எப்படி என்று கேட்டாள். முடிந்தது என்றார். அவராகவே தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வாசிச்ச பொண்ணு தெளிவா வாசிச்சா."

அவ்வளவு இரைச்சலில் என் குரல் தெரிந்திருக்காது என்று முடிவுசெய்தேன். அந்த முடிவை இரண்டு வருடம் வைத்திருந்தேன்.

முடிவு மூன்று வாரத்தில் வந்தது. ஐந்து பகுதிகளில் நான்கும் ஐந்தும். கேட்டுப் புரிதலில் முப்பத்திரண்டு கேள்விகளுக்கு இருபத்தைந்து தேவை. அவருக்கு இருபத்துநான்கு. தவறிய கேள்விகளைப் பட்டியல் போட்டிருந்தார்கள். மேகம், மேகம், வெப்பம் என்று போயிற்று. நடுவில் ஒரு வரி: பதிவு ஆறு, பாதை. மொத்த நிலை மூன்று.

பதினைந்து நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று கீழே எழுதியிருந்தது. அம்மா ஒவ்வொரு நாளும் அவரோடு சண்டை போட்டாள். ஒரே ஒரு மதிப்பெண், எழுதிக் கேளுங்கள், வாயில் என்ன மண்ணா என்றாள். அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பத்தாவது நாள் சொன்னார்: "காது போச்சு கொடலீவ். வயசாயிடுச்சு. அவங்கமேல தப்பில்ல."

என் அப்பா வாழ்நாளில் எதையும் ஒப்புக்கொண்டவர் இல்லை. மலேரியாவில் படுத்திருந்தபோதும் வெயில் அதிகம் என்றுதான் சொன்னார். அவர் காது போய்விட்டது என்றபோது நான் நம்பியிருக்கக் கூடாது. ஆனால் எனக்கு நிம்மதியாக இருந்தது. மேல்முறையீடு போனால் ஆறாம் எண் பதிவைத் திறப்பார்கள். யார் வாசித்தது என்று பார்ப்பார்கள். பதினைந்தாவது நாள் முடிந்ததும் எனக்குப் பசி எடுத்தது. அதை எழுதத்தான் வேண்டும்.

அதன் பிறகு அவர் வீட்டில் காது கேட்காதவராக இருந்தார். "என்ன?" என்பார். இரண்டு தடவை சொன்னால் திரும்புவார். தலைக்கு மேல் விமானம் போனால் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அம்மா கத்திப் பேசப் பழகினாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் பழகினார்கள். நிறுவனம் அவரைச் சரக்குக் கொட்டகையில் போட்டது. மற்றவர்கள் ஓட்டும் விமானங்களுக்கு மூட்டைகளை எடைபோட்டு, எது முன்னால் எது பின்னால் என்று எழுதிக் கொடுக்கும் வேலை. அவருடைய இருக்கையில் உட்கார்ந்தவன் முப்பத்திரண்டு வயதுக்காரன். நல்ல பையன். எடைத்தாளில் கையெழுத்து வாங்கும்போது அவரைக் கேப்டன் என்றே கூப்பிட்டான். நான் பட்டறைக்குப் போகும் வழியில் அந்தக் கொட்டகை இருக்கிறது. வேறு வழியாகச் சுற்றிப் போவேன்.

இரண்டு வருடம் கழித்து அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள்.

எங்கள் வழக்கத்தில் ஒவ்வொரு குலத்துக்கும் கேலி முறை உள்ள இன்னொரு குலம் உண்டு. சாவு வீட்டில் அவர்களுக்குத்தான் அதிகாரம். செத்தவரைப் போல நடிப்பார்கள், அவருடைய கஞ்சத்தனத்தைச் சொல்வார்கள், பாயில் படுத்துக்கொண்டு பீர் கொடுக்காமல் எழுந்திருக்க மாட்டோம் என்பார்கள். அவர்கள் என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. சொன்னதை யாரும் உண்மையாக எடுத்துக்கொள்வதும் இல்லை. எங்களுக்கு அந்த முறை முவெப்பு மாமாவின் குலம். அவர் அப்பாவோடு பதினோரு வருடம் பறந்த இன்ஜின் ஆள்.

அடக்கத்துக்குக் கிளம்பும் முன், தார்ப்பாய்க்குக் கீழே, அப்பாவின் தொப்பியை மாட்டிக்கொண்டு முவெப்பு மாமா பாயில் உட்கார்ந்தார். காதைக் குவித்தார். "என்ன? சத்தமா சொல்லு கொடலீவ்! இன்ஜின் ஓடுது!" பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவர் ஒரு தேவாலயப் பாட்டுத்தாளைப் பிடுங்கினார், பென்சில் கேட்டார், என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"வாம்மா மருமகளே. அன்னிக்கி வாசிச்ச மாதிரி வாசி. கேப்டன் எழுதணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் நின்றேன்.

"வாசிக்க மாட்டாளா? சரி, நானே சொல்றேன். காத்து அறுபது. பாதை ரெண்டு நாலு. அடடா, எம் பொண்ணு மாத்தி வாசிச்சுட்டாளே! இரு, அப்பன் திருத்திவிடறேன்." பென்சிலால் தாளில் ஒரு கோடு இழுத்தார். தாளை மடித்துத் தொப்பிக்குள் வைத்தார். "இப்ப பீர் கொண்டா. கேப்டனுக்கு தாகம்."

ஏதோ விமானக்காரர் உளறல் என்று கூட்டம் நினைத்தது. நான் போய் ஒரு பெட்டி சிம்பா பீர் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். அதுதான் முறை. அவர் எழுந்தார். சவப்பெட்டியைத் தூக்கினார்கள்.

அடக்கம் முடிந்து வந்தபின், வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்ப் பீப்பாய் பக்கத்தில் அவரைப் பிடித்தேன். கை கழுவிக்கொண்டிருந்தார்.

"யார் சொன்னது மாமா?"

"வேற யாரு? அவனேதான். எல்லைலேருந்து நேரா எங்கிட்டதான் வந்தான். வீட்டுக்கு அப்பறந்தான் வந்தான்."

"குரல் தெரிஞ்சுதா?"

அவர் கையை உதறினார். "இன்ஜின் சத்தத்துல எந்த போல்ட் லூஸுன்னு சொல்றவன். பெத்த பொண்ணு குரல் தெரியாதா? மொத பதிவுலயே தெரிஞ்சுதாம். சந்தோஷமா இருந்துச்சுன்னான். அப்பறம் ஆறாவது வந்துச்சு. மொதல்ல காதுல விழுந்தபடி ரெண்டு நாலுன்னு எழுதிட்டானாம். அப்பறம் யோசிச்சானாம். எம் பொண்ணு வாய் தவறி மாத்தி வாசிச்சிருக்கா, எல்லாரும் அப்படியே எழுதினா பின்னாடி அவளத்தான் புடிப்பாங்க, ஒருத்தனாவது சரியா எழுதணும்னு. அடிச்சுட்டு சுழியம் ஆறுன்னு போட்டான்."

"முடிவு வந்தப்பறம்?"

"அப்பத்தான் தாளே அப்படின்னு புரிஞ்சுது அவனுக்கு. எழுதிக் கேளுடான்னேன். கேட்டா அப்பன் பொண்ணுன்னு தெரிஞ்சுரும், ரெண்டு பேரையும் திருடங்கம்பாங்க, அவ வேல போயிரும்னான். சரி, மறுபடி எழுதுன்னேன். அதே பதிவுதான் வரும்னான். இந்த தடவ ரெண்டு நாலுன்னு எழுதி பாஸானா பொண்ணு சொல்லிக் குடுத்தான்னு ஆகும்னான்."

"அப்ப காது..."

"காதுக்கு என்ன? நீயும் உங்கம்மாவும் அடுக்களைல அவனப் பத்தி கிசுகிசுத்ததெல்லாம் எங்கிட்ட வந்து ஒப்பிப்பான்."

அவர் உள்ளே போய்விட்டார். நான் வாய் தவறி வாசிக்கவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. இஸ்திரி போடும்போது அப்பா கேட்ட கேள்வியையும், என் பதிலையும் சொல்லவில்லை. தாளே அப்படித்தான் என்று தெரிந்த நாளில், நான் தெரிந்தே வாசித்தேன் என்பதும் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். பரீட்சையில் அப்படி வராது என்று நான் சொன்னது என்ன என்பதும் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டோம். "என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன், உப்பு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்று.

துக்க நாட்கள் முடிந்ததும் என்டோலா போனேன். சிகாஸ்வே இன்னும் அங்கேதான் இருந்தார். நான் யாருடைய மகள் என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் போனேன். அவர் யாருக்கும் புகார் எழுதவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துவந்தார்.

அப்பாவின் விடைத்தாள். ஆறாவது கட்டத்தின் ஓரத்தில் சின்ன அம்புக்குறி. அதன் பக்கத்தில் 24. குறுக்கே ஒரே ஒரு கோடு, அளவுகோல் வைத்ததுபோல. கோட்டுக்கு மேல் 06.

சிகாஸ்வே அடிபட்ட எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"சரியாத்தான் கேட்டிருக்காரு," என்றார்.

"ஆமா சார்."

"ஆனா கடைசியா எழுதினதத்தான் நாங்க திருத்துவோம்மா."

மதிப்பெண்ணை மாற்ற முடியாது. பதினைந்து நாள் எப்போதோ போய்விட்டது, எழுதியவரும் இல்லை. நகல் தருவதும் விதியில் இல்லை. ஆனால் பதிவு தப்பு என்பது இப்போது அவருக்கும் உறுத்தியது. அந்த இரண்டு வருடத்தில் இன்னும் நான்கு பேர் அதே கட்டத்தில் சுழியம் ஆறு என்று எழுதியிருக்கிறார்கள். நால்வரும் பழைய விமானிகள். மற்ற கேள்விகளில் தப்பித்திருக்கிறார்கள். பதிவை மாற்றிவிடலாம், நீங்களே வந்திருக்கிறீர்கள், ஒலிக்கூடம் இப்போது காலிதான் என்றார்.

பாதையைச் சுழியம் ஆறு என்று மாற்றுகிறேன் என்றேன்.

அவர் தயங்கினார். பாதை எண் விடைக்குறிப்பில் அச்சாகி மேலிடத்து ஒப்புதல் வாங்கியது. அதைத் தொட்டால் எட்டுப் பதிவுகளும் மறுபடி ஒப்புதலுக்குப் போக வேண்டும், ஒரு வருடமாவது ஆகும். அதுவரை பழையதுதான் ஓடும். ஆறாவது பதிவில் காற்றைப் பற்றிக் கேள்வி இல்லை. எனவே காற்றை மாற்றிவிட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பேனாவை எடுத்து, தாளில் அறுபதை அடித்து இருநூற்று நாற்பது என்று எழுதி என்னிடம் நீட்டினார்.

அப்படி வாசித்தால் காற்றும் பாதையும் ஒத்துப்போகும். இனி வருகிற எந்த விமானியும் அந்தக் கட்டத்தில் விழமாட்டான். என் அப்பா எழுதியது மட்டும் தவறாகிவிடும்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். கண்ணாடிக்கு அப்பால் சிகாஸ்வே கையைத் தூக்கினார். காற்று இருநூற்று நாற்பது டிகிரி, பதினான்கு நாட். இறங்கும் பாதை இரண்டு நான்கு. கடைசிவரை வாசித்தேன்.

ஒரே தடவையில் சரியாக வந்தது.